உம்முடைய முகம் போட்ட பைகள்

முன் விறாந்தை முழுக்க ரெக்சின் மணம். வெயில் ஏற ஏற அது வீட்டுக்குள்ளும் வந்து, சாமியறையில் கொளுத்திவைத்த ஊதுபத்தியையும் அமுக்கிவிட்டது. சோற்றுக்கு முன்னால் இருந்தாலும் அதே மணம்தான். மிஞ்சிப்போன பள்ளிக்கூடப் பைகள் விறாந்தையில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு பையிலிருந்தும் உம்முடைய முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் மூக்கு நுனியில் கோபத்தை வைத்திருக்கிறவன் என்று நீர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தீர். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீர் போன பிறகு இந்த ஒரு வருஷத்தில் எனக்குப் பெரிதாகக் கோபமே வரவில்லை. கோபிக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா? இந்தக் கிழமை வந்தது. வந்தது இன்னும் போகவில்லை. மகனில் கோபம், அதிபரில் கோபம், படம் பிடிக்க வந்த பெடியனில் கோபம், கடைசியில் உம்மிலும் கோபம். மற்றவர்களிடம் கொட்டித் தீர்த்துவிட்டேன். உம்முடைய பங்கு மட்டும் கிடக்கிறது. எழுதுகிறேன், இருந்து கேளும்.

உம்முடைய ஆட்டைத் திவசத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மகன் கனடாவிலிருந்து தொலைபேசி எடுத்தான். "அப்பா, அம்மாவின்ரை பேரிலை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கு ஏதாவது குடுக்கவேணும்" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. செத்தவீட்டுக்கு அவனால் வர முடியவில்லை. வேலையிடத்தில் ஏதோ சிக்கல், கடதாசியில் ஏதோ சிக்கல். உம்மைப் படலைக்கு வெளியே கொண்டுபோனதை அவன் கைத்தொலைபேசியில்தான் பார்த்தான். கீரிமலையில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்ததையும் அப்படித்தான் பார்த்தான். ஆகவே கொடுக்கட்டும், அவனுக்கும் ஒரு ஆறுதல் என்று நினைத்தேன்.

"எந்த வகுப்புக்கு என்ன தேவை எண்டு நான் பள்ளிக்கூடத்திலை கேட்டுச் சொல்லட்டோ?" என்று கேட்டேன்.

"நீங்கள் ஒண்டுக்கும் அலையாதையுங்கோ அப்பா. ரவுனிலை என்ரை சிநேகிதன் இருக்கிறான். எல்லாம் ஓடர் குடுத்தாச்சு."

"எல்லாம் எண்டால் என்னடா?"

"எல்லாருக்கும் ஒரே மாதிரி. முதலாம் வகுப்பிலையிருந்து ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும். ஒருத்தருக்குக் கூட, ஒருத்தருக்குக் குறைய எண்டு இருக்கக் கூடாது."

அந்த இடத்திலேயே எனக்கு ஒரு சின்ன எரிச்சல் தட்டியது. நாற்பது வருஷத்துக்கு மேல் உம்மோடு குடும்பம் நடத்தியவன் நான். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பரிசு என்று நீர் இருக்கும்போது யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளை இருத்தி வைத்து இரண்டு மணித்தியாலம் வகுப்பு எடுத்திருப்பீர்.

சந்தியில் நாங்கள் வைத்திருந்த புத்தகக் கடையை நினைத்துப் பாரும். கடை என்னுடையது என்று பலகையில் எழுதியிருந்ததே தவிர, பின்னேரமானால் அது உம்முடைய கடை. படிப்பிக்கிற பள்ளிக்கூடம் விட்டு வந்து, சேலையும் மாற்றாமல், தேத்தண்ணிக் கோப்பையோடு மேசைக்குப் பின்னால் வந்து நிற்பீர். கொப்பி வாங்க வந்தவர்கள் கொப்பி வாங்கிக்கொண்டு தப்பிவிடுவார்கள். பிள்ளைக்குப் பரிசு வாங்க வந்தவன் தொலைந்தான். "என்ன வகுப்பு? ஆர் படிப்பிக்கிறது? இப்ப என்ன பாடம் போகுது?" என்று நீர் தொடங்கினால், பொலிஸ் விசாரணை தோற்றுப்போகும். தகப்பன்மார் முழிப்பார்கள். சொந்தப் பிள்ளை என்ன வகுப்பு என்று தெரியாமல் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

லண்டனிலிருந்து வந்த அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண்ணாடி அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பெரிய உலக உருண்டை வைத்திருந்தேன். வருஷக்கணக்காகத் தூசி தட்டித் தட்டி என் கைதான் தேய்ந்தது. அவர் வந்து நேரே அதைக் காட்டி, "அதை எடுங்கோ" என்றார். நான் ஏணியை வைத்து ஏறிவிட்டேன். நீர் கீழே நின்று, "ஆருக்கு?" என்றீர்.

"தங்கச்சியின்ரை மகளுக்கு."

"என்ன வகுப்பு?"

"இந்த வருஷம்தான் முதலாம் வகுப்பு."

"முதலாம் வகுப்பிலை பிள்ளை இப்ப தன்ரை வீட்டையும் வளவையும் படிக்குது. பிறகு பள்ளிக்கூடம். அதுக்குப் பிறகுதான் ஊர். உலகம் வர இன்னும் கனகாலம் கிடக்கு. உதை இப்ப குடுத்தால் உருட்டி விளையாடத்தான் உதவும்" என்று சொல்லி, அவர் கையில் ஒரு சின்னக் கரும்பலகையையும் கலர் வெண்கட்டிப் பெட்டியையும் வைத்துவிட்டீர். அந்த மனிதரும் மந்திரித்துவிட்டவர் போல வாங்கிக்கொண்டு போனார். நான் ஏணியின் உச்சியில், உலகத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கடைக்கு வந்த சீதேவியைக் காலாலை தள்ளிப்போட்டீர்!" என்று கத்தினேன். நீர் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "பாருங்கோ, அவர் திரும்பி வருவார்" என்றீர்.

அவர் வரவேயில்லை. அதையும் எழுதித்தான் வைக்கிறேன். செத்தவர்கள் சொன்னதெல்லாம் பலித்தது என்று எழுதுகிற வழக்கம் எனக்கு வேண்டாம். அவர் வேறு கடையில் இதைவிடப் பெரிய உருண்டை வாங்கிக்கொண்டு போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். உமக்கும் சொன்னேன். "அப்ப அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையும் கிடைச்சிருக்கு" என்றீர். உம்மோடு கதைத்து யார் வெல்வது?

ஆனால் நீர் பொருத்திக் கொடுத்த பரிசுகளும் இருந்தன. அதை நான் மறைக்கக் கூடாது. மூன்றாம் வகுப்பில் நிறுக்கிற பாடம் தொடங்கிய பள்ளிக்கூடத் தவணை, ஒரு பெண்பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று தகப்பன் வந்தார். தோட்டக்காரர், கைகாலில் செம்மண் காயாமல் நின்றார். பேசுகிற பொம்மை கேட்டவரிடம் இரண்டு தட்டு வைத்த சின்னத் தராசை எடுத்துக் கொடுத்தீர். அடுத்த கிழமை அவர் திரும்பவும் வந்தார். "ரீச்சர், வீட்டிலை உப்பு நிறுத்தாச்சு, சீனி நிறுத்தாச்சு, வெங்காயம் நிறுத்தாச்சு, பூனைக்குட்டியும் நிறுத்தாச்சு. இனி நான்தான் ஏறி இருக்கவேணும்" என்றார். நீர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. அன்று பின்னேரம் கடையைச் சாத்தும்போது சொன்னீர்: "பரிசு எண்டது பிள்ளை நிக்கிற இடத்துக்குப் போகவேணும். எங்கடை ஆசை நிக்கிற இடத்துக்கு இல்லை." அப்போது எனக்கு அது பெரிய ஞானமாகப் படவில்லை. பொம்மை விற்றிருக்கலாமே என்றுதான் யோசித்தேன்.

சரி, கதைக்கு வருகிறேன்.

திவசத்தன்று பின்னேரம், ஐயரும் இனசனமும் போன பிறகு, ஒரு வாகனத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. நீர் ஓய்வு பெறும்வரை படிப்பித்த அதே பள்ளிக்கூடம்தான். ஐந்தாம் வகுப்போடு முடிகிற, கிணற்றடியில் மலைவேம்பு நிற்கிற அந்தச் சின்னப் பள்ளிக்கூடம். நான் ஒரு பெட்டியைப் பிரித்தேன். நீலப் பை. நல்ல பைதான், தையல் உறுதியாக இருந்தது. திருப்பினேன். உம்முடைய முகம்.

எந்தப் படம் என்று நினைக்கிறீர்? விசாப் படம்! மகனைப் பார்க்கக் கனடா போகவென்று எடுத்தீரே, அது. "சிரிக்கக் கூடாதாம், காது தெரியவேணுமாம்" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு போய் எடுத்த படம். விசாவும் கிடைக்கவில்லை. "களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி இருக்கிறன்" என்று அதை யார் கண்ணிலும் படாமல் ஒளித்து வைத்தீர். அந்த முகத்தை ஒரு சாண் அகலத்தில் அச்சடித்து, சுற்றிவர மாலை கீறி, மேலே 'அமரர்' என்று போட்டு, கீழே நீர் பிறந்த நாளும் இறந்த நாளும் போட்டிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை முதுகில் சுமக்கிற பை. ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீசைப் பிள்ளையின் முதுகில் ஒட்டிவிட்டதுபோலத்தான் இருந்தது.

பையைத் திறந்தேன். உள்ளே ஒரு கொம்பாஸ் பெட்டி. பிறகு ஒரு தடித்த புத்தகம், ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள்கள். இன்னொரு பையைத் திறந்தேன். அதே கொம்பாஸ், அதே புத்தகம். முதலாம் வகுப்பு என்று எழுதியிருந்த பெட்டியிலும் அதுதான், இரண்டாம் வகுப்பிலும் அதுதான். அட கோதாரி! பென்சிலைப் பிடிக்க விரல் வளையாத பிள்ளைக்கு வட்டம் கீறுகிற ஊசி. எழுத்துக் கூட்ட இன்னும் தொடங்காத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புச் சோதனை.

மகனுக்கு எடுத்தேன். அவன் வேலைக்குப் போகிற அவசரத்தில் நின்றான். "புத்தகம் சின்ன வகுப்புக்குப் பொருந்தாது தம்பி" என்று, உம்மாணை, நல்லபடியாகத்தான் சொன்னேன். "வைச்சிருந்து பிறகு பாவிக்கட்டும் அப்பா. நாளைக்கு எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு, நீங்கள் குழப்பாதையுங்கோ" என்று வைத்துவிட்டான். குழப்பக் கூடாது என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டு போனேன். நம்பும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் மேடைக்குப் பின்னால் மறுபடியும் நீர், இந்தமுறை ஒரு கதவளவு பெரிதாக. குத்துவிளக்கு, வாழைத்தண்டு, மைக். மகனின் சிநேகிதன் அனுப்பிய பெடியன் ஒரு முக்காலியில் கைத்தொலைபேசியைப் பொருத்தி, கனடாவுக்கு நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தான். புதிதாக வந்த அதிபர் உம்மைக் கண்டதேயில்லை. ஆனால் கால் மணித்தியாலம் உம்மைப் பற்றிப் பேசினார். நீர் கண்டிப்பானவராம், மென்மையானவராம், தீபமாம், ஏணியாம். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

முதற்பையை நான் கொடுக்கவேண்டும் என்று மேடைக்குக் கூப்பிட்டார்கள். முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, ஆதிரா என்று பெயர், வெள்ளைச் சட்டையில், இரட்டைப் பின்னலோடு வந்து நின்றாள். நான் பையை நீட்டினேன். அவள் கையை நீட்டியவள், படத்தைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். நிமிர்ந்து மேடைப் படத்தைப் பார்த்தாள். திரும்பப் பையைப் பார்த்தாள்.

"இவ செத்தவாவோ?" என்று கேட்டாள். மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஓம் பிள்ளை" என்றேன். வேறென்ன சொல்ல?

"எனக்கு வேண்டாம். பயமாக் கிடக்கு."

தாய்க்காரி முன்வரிசையிலிருந்து ஓடிவந்து அவளுடைய தோளைப் பிடித்து முன்னுக்குத் தள்ளினாள். "வாங்கு பிள்ளை, எல்லாரும் பாக்கினம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். பிள்ளை அழத் தொடங்கினாள். படம் பிடிக்கிற பெடியன் கீழே குந்தியிருந்து, "ஐயா, கொஞ்சம் இஞ்சாலை திரும்புங்கோ. பிள்ளை, ஒருக்கால் சிரிங்கோ பாப்பம்" என்றான்.

அவ்வளவுதான். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. "எடே, அந்தக் கோதாரியை நிப்பாட்டடா!" என்று கத்தினேன். அவன் நிப்பாட்டவில்லை. நான் பையைக் கவிழ்த்து மேசையில் கொட்டினேன். கொம்பாஸ் பெட்டி திறந்து, கூர் நிமிர்ந்து கிடந்தது.

"இது ஆருக்கு? இந்தக் குஞ்சுக்கோ? கண்ணைக் குத்திக்கொள்ளவோ?" புத்தகத்தைத் தூக்கிக் காட்டினேன். "இது ஆருக்கு? ஐஞ்சாம் வகுப்புக்கு. இந்தப் பிள்ளை இருக்கிறது முதலாம் வகுப்பிலை. அதிபர் ஐயா, நீங்கள் இதைப் பாத்தனீங்களோ?"

அதிபர் எழும்பி வந்து, "ஐயா, அன்பளிப்பு வந்தால் நாங்கள் வேண்டாம் எண்டு சொல்லுறதில்லை" என்று காதுக்குள் சொன்னார். "சொல்லுங்கோ! அதுக்குத்தானே உங்களை அந்தக் கதிரையிலை வைச்சிருக்கு!" என்றேன். அதுவும் மைக்கில் போனது.

பெற்றோர் எனக்குக் கைதட்டினார்கள் என்று நினைக்கிறீரா? நானும் ஒரு கணம் அப்படித்தான் எதிர்பார்த்தேன். ஒரு தாய் எழும்பி, "ஐயா, புத்தகத்தை எடுக்காதையுங்கோ. இப்பவே பழக்கினால்தான் ஐஞ்சாம் வகுப்பிலை பிள்ளையள் பாஸ் பண்ணுங்கள்" என்றாள். இன்னொருத்தி, "ரீச்சரம்மாவின்ரை பேரிலை வந்த புத்தகம். அவ சொன்னால் பிழைக்குமோ?" என்றாள்.

எனக்கு நெஞ்சில் ஊசி ஏறியது அந்தச் சொல்லில்தான். விளங்குகிறதா? பையில் இருப்பது வெறும் படம் இல்லை. உம்முடைய முகத்துக்குப் பின்னாலிருந்து எது வந்தாலும் அது நீர் சொன்னதாகிவிடும். இந்த வட்டாரத்தில் மூன்று தலைமுறைக்கு அகரம் எழுதிக் காட்டிய கை உம்முடையது. அந்த முகத்தை நம்பி, ஆறு வயதுப் பிள்ளையை இன்றைக்கே வினாத்தாளுக்கு முன்னால் இருத்தி, விளங்கவில்லை என்று தலையில் குட்டுவார்கள். குட்டு வாங்குகிற பிள்ளை உம்முடைய படத்தைப் பார்த்துக்கொண்டு அழும். அதை நான் விடமுடியுமா? நீர் தேடிவைத்த பெயருக்கு வேறு யார் காவல் இருக்கிறது?

"ரீச்சர் இதைச் சொல்லேல்லை!" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "நான் அவவின்ரை புருஷன் சொல்லுறன். அவ இருந்திருந்தால் இந்தப் புத்தகத்தைச் சின்ன வகுப்புக்குள்ளை விட்டிருக்கமாட்டா. ஐஞ்சாம் வகுப்புக்குக் குடுங்கோ. நாலாம் வகுப்புக்கு ரீச்சர்மாரைக் கேட்டுக் குடுங்கோ. மற்றப் பிள்ளையளின்ரை பையிலை இருக்கிறதை நான் இப்பவே எடுக்கிறன்."

எடுத்தேன். மேடையில் குந்தியிருந்து, ஒவ்வொரு பையாகத் திறந்து எடுத்தேன். இரண்டு ரீச்சர்மார் முதலில் தயங்கி நின்று, பிறகு வந்து அவர்களும் குந்திக்கொண்டார்கள். பைகளையும் திருப்பி அனுப்பத்தான் இருந்தேன். அப்போது ஆதிராவின் தாய் எனக்குப் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஐயா, கோவிக்காதையுங்கோ. பையை மட்டும் தாங்கோவன். இவள் கடைப் பையிலை கொப்பி கொண்டு வாறவள். படத்துக்கு மேலை நான் ஒரு துணி வைச்சுத் தைச்சுவிடுறன்."

கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். உம்முடைய முகத்துக்கு மேல் துணி தைக்கிறதுக்கு என்னிடம் அனுமதி கேட்கிறாள். நான் என்ன சொல்ல? "தை பிள்ளை" என்றேன். "வடிவான துணியாப் பாத்துத் தை" என்றேன். அடுத்த பையை வெடுக்கென்று இழுத்துத் திறந்தேன். அதற்கும் கோபம்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளும்.

அன்று வராத பிள்ளைகளின் பைகளும் எடுத்த புத்தகங்களும் கொம்பாஸ் பெட்டிகளும்தான் இப்போது விறாந்தையில் கிடக்கின்றன.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றவில்லை, மகன் எடுத்தான். "என்ன வேலை அப்பா செய்தனீங்கள்?" என்று தொடங்கினான். "லைவிலை இஞ்சை எல்லாரும் பாத்துக்கொண்டிருந்தவை. என்ரை மனிசியின்ரை ஆக்கள், வேலையிடத்து ஆக்கள். அம்மாவுக்கு எண்டு நான் ஆசையாச் செய்தது. நீங்கள் நிலத்திலை போட்டு உழக்கிப்போட்டியள்."

"உனக்குக் கொம்மாவைத் தெரியாதோடா? அவ வாழ்நாள் முழுக்க என்ன சொன்னவா? பிள்ளைக்குப் பாடம் வரேக்கைதான்…"

"தெரியும்!" என்று கத்தினான். உம்முடைய மகன் என்னோடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. "ஆரைவிடவும் எனக்குத்தான் தெரியும். பாடம் வரட்டும், பாடம் வரட்டும். என்ரை நுணுக்குக்காட்டி எங்கை அப்பா?"

எனக்கு முதலில் பிடிபடவில்லை. விசர்க்கதை கதைக்கிறான் என்று நினைத்தேன். பிறகு மெல்ல வந்தது. உம்முடைய தம்பி ஜெர்மனியிலிருந்து அவனுக்கு அனுப்பிய, சின்னதைப் பெரிதாக்கிக் காட்டுகிற நுணுக்குக்காட்டி. கறுப்புப் பெட்டி. அப்போது அவன் நாலாம் வகுப்பு. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வீடெல்லாம் ஓடினான். நீர் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினீர். "இது ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான் வரும். இப்ப தந்தால் விளையாட்டுச் சாமானாப் போயிடும். பாடம் வரேக்கை அம்மா தருவன்" என்றீர். அவன் அழுதான். நீர் அசையவில்லை. உம்முடைய பிள்ளைக்கென்று நீதியை மாற்றுகிற மனிசி இல்லை நீர்.

பாடம் வருவதற்கு முன் சண்டை வந்தது. ஊரோடு வெளிக்கிட்டுத் தென்மராட்சிக்குப் போனோம். அரிசி எடுத்தோம், காணி உறுதிகள் எடுத்தோம், அவனுடைய பள்ளிக்கூடப் புத்தகங்களை நீர் ஒன்று விடாமல் எடுத்தீர். அலுமாரிச் சாவி உம்முடைய சேலைத் தலைப்பில் முடிந்தபடி வந்தது. அலுமாரி வரவில்லை.

"ஒருக்கால்கூட அதுக்குள்ளாலை பாக்கேல்லை அப்பா" என்றான் மகன். குரல் இறங்கிவிட்டது. "பெட்டியிலை இருந்த படத்தைத்தான் பாத்தனான். பிறகு பாடம் வந்தது. அங்கை மீசாலையிலை மாமரத்துக்குக் கீழை இருந்து படிச்சம். சேர் நுணுக்குக்காட்டியைக் கரும்பலகையிலை கீறித்தான் காட்டினவர். நான் வீட்டை வந்து ஒண்டும் சொல்லேல்லை." பிறகு, "அதுதான் எல்லாத்தையும் ஒண்டாப் போடச் சொன்னனான். ஒரு பிள்ளையும் காத்திருக்கக் கூடாது எண்டு" என்றான்.

மண்டபத்தில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் மைக்கைப் பிடித்து உமக்காகச் சண்டை பிடித்துவிட்டு வந்தவன் நான். இப்போது என் சொந்தப் பிள்ளைக்கு முன்னால் உமக்காகப் பேச ஒரு சொல் இல்லை. ஏனென்றால் அவன் சொன்னது நியாயம்.

கேளும். பைகளில் அவன் செய்தது பிழை. முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொம்பாஸ் கொடுத்தது பிழை, பிழைதான். ஆனால் நுணுக்குக்காட்டியில் நீர் செய்ததும் பிழை. குடுத்திருக்கலாம். பாடம் வராவிட்டால் என்ன? ஒரு எறும்பை வைத்துப் பார்த்திருப்பான். தன்னுடைய தலைமயிரை வைத்துப் பார்த்திருப்பான். உடைத்திருந்தாலும் உடைத்திருப்பான், உடைத்தேன் என்ற ஞாபகமாவது அவனிடம் இருந்திருக்கும். எந்தத் தவணையில் எந்தப் பாடம் என்று உமக்குக் கரதலப் பாடம். குண்டு எந்தத் தவணையில் விழும் என்று எந்தப் பாடத்திட்டத்தில் எழுதியிருந்தது? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளந்து அளந்து பொருத்தினீர், பெற்ற பிள்ளை நின்ற இடம் உமக்குத் தெரியவில்லை. இந்தக் கோபத்தை நீர் இருக்கும்போது காட்டியிருக்கலாம். ஆனால் நீர் இருக்கும்போது இது எனக்குத் தெரியாதே.

"அம்மா அதைப் பற்றி ஒருநாளாவது கதைச்சவாவோ அப்பா?" என்று கேட்டான். நாற்பது வயது தாண்டியவன், தலை நரைத்தவன், பத்து வயதுப் பிள்ளையைப் போலக் கேட்டான்.

"இல்லை" என்றேன். அது பொய்யில்லை. அவன் வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் எனக்கு அந்த நாள் வந்தது. ஊருக்குத் திரும்பிப் போய் முதன்முதலாக வீட்டைப் பார்த்த நாள். கூரை இல்லை, கதவில்லை, நிலை இல்லை. நான் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீர் யாரோடும் பேசாமல் நேரே உள்ளறைக்குப் போனீர். அலுமாரி நின்ற மூலையில் நாயுருவி இடுப்பளவுக்கு முளைத்திருந்தது. அதை விலக்கிக்கொண்டு குந்தியிருந்து, ஒரு ஓட்டுத் துண்டால் மண்ணைக் கிளறினீர். கிளறிக்கொண்டே இருந்தீர். கூறைச்சேலையைத் தேடுகிறீர் என்று நான் நினைத்தேன். உள்ளே வந்து, "விடும், வேறை சேலை எடுத்துத் தாறன்" என்றேன்.

நீர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஓம்" என்றீர்.

என்னத்துக்கு ஓம் என்றீர்? சேலையைத்தான் தேடினீரா? உலகத்தில் எல்லாவற்றுக்கும் வாய் திறக்கிற மனிசி, கடைக்கு வந்த லண்டன்காரனை மறித்து வைத்து வகுப்பெடுத்த மனிசி, அன்றைக்கு மட்டும் ஒரு ஓமோடு நிறுத்திக்கொண்டீர். "சேலை இல்லையப்பா, பிள்ளையின்ரை சாமான்" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? நான் அதை இத்தனை வருஷம் வைத்திருந்து இன்றைக்கு அவனுக்குக் கொடுத்திருப்பேன். நீர் சொல்லவில்லை. இனிச் சொல்லவும் மாட்டீர். எனக்கு மிஞ்சியிருப்பது நீர் குந்தியிருந்த முதுகும், அந்த ஓட்டுத் துண்டும், அந்த ஓமும்தான். அதைத்தான் சுமந்துகொண்டு திரிகிறேன்.

அதனால் நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். உம்மைக் கேட்டு எடுக்கவில்லை. இன்றைக்குப் பின்னேரம் அவனுக்கு நானே எடுக்கப்போகிறேன். கொம்மா அந்த மூலையில் குந்தியிருந்து உன்ரை நுணுக்குக்காட்டியைத்தான் தேடினவா தம்பி, நான் கண்ணாலை கண்டனான், கை முழுக்க மண், நான் வந்து கூப்பிடும்வரைக்கும் எழும்பேல்லை என்று சொல்லப்போகிறேன். பொய்யாக இருந்தால் அந்தப் பாவம் என்னோடு வரட்டும். உண்மையாக இருந்தால், அதை அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டியவர் நீர்.